வண்டிக்குப் பணம் அனுப்பாதே

அன்புள்ள மகனுக்கு,

அத்தை தன் மகனுக்குப் புது வண்டி வாங்க உன்னிடம் பணம் கேட்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அவன் பழைய வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது, அபராதம் கட்டி அதை எடுப்பதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டுவிட்டார்கள். நீ அனுப்பாதே. போனில் இதைச் சொன்னால் நடுவில் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தை மகன் குடித்துவிட்டு ஓட்டி முதலில் மாட்டியது கடலூரில். 10,000 ரூபாய் அபராதம், நாலு திட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்புறம் பாண்டி எல்லைக்குள், அரியாங்குப்பம் தாண்டி மாட்டினான். அங்கேயும் 10,000. அது வேறு போலீஸ், வேறு கோர்ட், அவர்களுக்கு இவன் புது ஆள். இப்போது மறுபடி நம்ம ஊரில் ஊதச் சொல்லிப் பிடித்திருக்கிறார்கள், இதையும் முதல் தடவை என்றுதான் எழுதியிருக்கிறார்களாம். அத்தை அதை ஏதோ பையன் பாஸாகிவிட்ட மாதிரி சொல்கிறாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். பார், திரும்பச் செய்தவனும் கூடுதலாக ஒரு 5,000 கட்டிவிட்டு வெளியே வரலாம், அதுவும் சட்டப்படி சரிதான். நீ இருக்கிற சிங்கப்பூரில் இரண்டாவது தடவைக்கு அபராதத்தோடு ஜெயிலும் நிச்சயம் என்பது உனக்கே தெரியும். இங்கே அது அன்றைக்கு யார் முன்னால் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்த 15,000 கூட இவனுக்கு வரவில்லையே, ஏன் என்று நம்ம தெரு வக்கீலிடம் கேட்டேன். பழைய தண்டனையைக் குற்றச்சாட்டிலேயே எழுதி, அதற்கு ஆதாரமும் காட்டினால்தான் கூடுதல் தண்டனை கொடுக்க முடியுமாம். தேடி எடுத்து எழுத யாருக்கு நேரம்? அன்றைக்குப் பிடித்த கேஸை அன்றைக்கே முடித்தால் போதும் என்று இருக்கிறார்கள். லைசென்ஸ் நம்பர் ஒன்றேதான், எல்லையில் இருக்கிற ரெட்டிச்சாவடிக்கு அந்தப் பக்கம் போனால் அது மாறிவிடுவதில்லை.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தக் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கிற கோர்ட், லைசென்ஸையும் குறைந்தது 6 மாதத்துக்குத் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. இவன் லைசென்ஸ் இதுவரை அவன் பர்ஸை விட்டு வெளியே போனதே இல்லை.

பஸ் ஓட்டியவன் நான். டூட்டிக்கு வரும்போது வாயில் வாடை அடித்தால் வண்டியைத் தர மாட்டார்கள், வேலையே போகும் என்று தெரியும், அந்தப் பயத்தில்தான் எங்களில் பாதிப் பேர் ஒழுங்காக இருந்தோம் (மீதிப் பேர் நிஜமாகவே நல்லவர்கள்). ராத்திரி கடைசி நடையில் பாண்டி எல்லையில் இருக்கிற முள்ளோடையிலிருந்து கடலூர் வரை வருவது எப்படி என்று என்னைக் கேள். கடையை விட்டு வந்த பைக்குகள் லைட் கூடப் போடாமல் குறுக்கே பாயும், ரோட்டோரம் நடக்கிற ஜனங்களைப் பார்த்து ஓட்டுவதா இவர்களைப் பார்த்து ஓட்டுவதா என்று கை நடுங்கும். செக்போஸ்ட்டில் பையில் பாட்டில் இருக்கிறதா என்று துழாவுவார்கள், வயிற்றுக்குள் இருப்பது அது பாட்டுக்கு எல்லை தாண்டிப் போகும்.

இன்னொரு கதையும் கேள். நம்ம வீட்டுக்குப் பூச்சு வேலை செய்த கொத்தனார் ஒருவர், அவரும் மாட்டினார், ஒரே ஒரு தடவை. 10,000 புரட்ட முடியவில்லை. வண்டியை விற்றாலே அவ்வளவுதான் வரும், அப்படியே விட்டுவிட்டார். வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்துவிட்டது, அவர் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். அவர் செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருதடவை செய்தவர் வண்டியை இழந்தார், திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்குப் புது வண்டி, அதுவும் உன் காசில்.

பெரிய கேஸ்களிலும் இப்படித்தான். 2006ல் மும்பையில் பிளாட்பாரத்தில் தூங்கியவர்கள் மேல் குடித்துவிட்டுக் காரை ஏற்றி 7 பேரைக் கொன்றவருக்குக் கீழ் கோர்ட் கொடுத்தது 6 மாதம், ஹைகோர்ட் அதை 3 வருஷமாக்கியது, 2012ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 1999ல் டெல்லியில் பிஎம்டபிள்யூ கார் 6 பேரைக் கொன்ற கேஸில் கீழ் கோர்ட் 5 வருஷம், ஹைகோர்ட் 2 வருஷம், அதே 2012ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கெனவே இருந்த ஜெயிலே போதும், 50 லட்சம் கட்டி 2 வருஷம் சமூகசேவை செய் என்றது. படித்தவர்கள் இதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், இருக்கலாம். செத்தவர்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இவனை 2 வருஷம் உள்ளே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே போனால் வேலை போகும், அவன் மனைவியும் குழந்தையும் தெருவுக்கு வருவார்கள், இதெல்லாம் எனக்கும் தெரியும். ஓட்ட விடக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன். கடலூரில் பிடித்தாலும் பாண்டியில் பிடித்தாலும், கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், லைசென்ஸ் போக வேண்டும், திரும்ப மாட்டினால் இன்னும் நீளமாகப் போக வேண்டும். கோர்ட் அதைச் செய்யவில்லை. வண்டி வாங்கித் தராமல் இருப்பதையாவது நாம் செய்யலாமே.

உதவி செய்துதான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வேறு வழி இருக்கிறது. குடியை நிறுத்தப் பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தருகிறார்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். போக்குவரத்து, மருந்து, அவன் வேலைக்குப் போகாத நாள் சம்பளம், இதற்கு நீ கொடு, நான் தடுக்க மாட்டேன். பணத்தை அவன் கையில் போடாமல் என் கணக்குக்கு அனுப்பு.

அத்தை ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வாள், அழுவாள். போனை எடுக்காமல் இருக்காதே. அப்பாதான் வேண்டாம் என்றார் என்று என் தலையிலேயே போட்டுவிடு, என் தங்கைதானே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா