‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு வேலை பார்த்துவிட்டோ, பார்த்துக்கொண்டோ, ஆசைப்பட்டுக் கொஞ்சம் நிலத்தில் இறங்கி, பயிரும் ஆடு கோழியும் வைத்துப் பார்க்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களைப் பழைய விவசாயிகள் நடத்துகிற விதம் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுதுகிற நாங்கள் பழைய பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே எங்கள் குறையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புதியவர் வந்து கேட்டால் எங்களிடமிருந்து என்ன பதில் வருகிறது? “பதம் பார்த்து உழுங்க.” “மருந்து, டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க.” “எரு நல்லா மக்கணும்.” “தண்ணி அளவா விடுங்க.” நாலும் சரியான பதில். நாலுமே அவருக்கு உதவாது. பதம் எது, எந்த பாட்டிலின் மூடி, மக்கியதற்கு என்ன அடையாளம், அளவு எவ்வளவு என்பதெல்லாம் சொல்பவரின் கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. கேட்டவர் தன் யூகத்தில் ஏதோ செய்வார். அது கெட்டுப்போனதும் வரப்பில் நின்று சிரிப்போம். அந்தச் சிரிப்பை அவர் நாளடைவில் மறந்துவிடுவார். அளவு சொல்லாத பதிலால் கெட்ட நிலம் சீக்கிரம் தேறாது.

உழவுப் பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்ததைப் பார்த்ததும் புதியவர் டிராக்டரை இறக்கிவிடுவார். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். பார்க்க வேண்டியது கொழு (கலப்பையின் முனை) போகும் ஆழத்தை, அதாவது சுமார் 15 செ.மீ. கீழே. அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே திரி போல உருட்டிப் பார்க்க வேண்டும். 3 மி.மீ. கனத்துக்கு, தீக்குச்சியைவிடச் சற்றே தடிமனாக, முறியாமல் திரி வந்தால் ஈரம் அதிகம். அன்றைக்கு நிலத்தில் எதையும் இறக்கக் கூடாது. அந்தக் கனம் வருமுன்பே திரி உதிர்ந்தால் உழலாம். மணற்பாங்கான மண்ணில் திரி சேரவே சேராது. அங்கே இறுக்கிப் பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து விட வேண்டும். பொலபொலவென்று சிதறினால் பதம். சப்பையாக அமுங்கிக் கிடந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

பொறுக்காமல் உழுதால், கொழு மண்ணைப் பிளக்காமல் பூசிக்கொண்டே போகும். சக்கரத்தின் பாரம் அதற்கும் கீழே இறங்கும். ஈர மண்ணில் இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும் என்பதால், ‘ஒரு சால்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. உழவு ஆழத்துக்குக் கீழே தட்டு வைத்தாற்போல ஓர் அடுக்கு இறுகிவிடும். வேர் அங்கே முட்டிப் பக்கவாட்டில் திரும்பும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். நாலு நாள் வெயில் அடித்தால் அக்கம்பக்கத்துப் பயிருக்கு முன் இந்தப் பயிர் வாடும். புதியவர் விதையைச் சந்தேகிப்பார், உரம் போடுவார், தண்ணீரைக் கூட்டுவார். வாடிய செடியை வேரோடு தோண்டி, ஆணிவேர் முழங்கைபோல மடங்கியிருப்பதைக் காட்ட ஆள் இருக்காது. அடியில் இறுகியதை உளிக்கலப்பை போட்டு உடைக்கலாம். ஆனால் அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் அது நொறுங்கும். ஈரத்தில் உளி போனால் கோடு மட்டும் கிழியும்.

மண் மாவாக வேண்டும் என்று ரொட்டவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது இன்னொரு ஆசை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் மழையில் மேலே படலம் கட்டி, முளை அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வளைந்து சாகும். கட்டைவிரல் நகம் அளவுக் கட்டிகள் கொஞ்சம் மேலே கிடக்கட்டும்.

ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது ஆறவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு காய வேண்டும் என்று எடை போட்டுச் சொன்ன மொழி இது. அந்த மொழியில் பேசிக்கொண்டு ‘கொஞ்சம்’ என்றே பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

மருந்து விஷயத்தில் இந்தக் ‘கொஞ்சம்’ ஆபத்தாகவே முடியும். ‘டேங்குக்கு ரெண்டு மூடி’ என்கிறோம். டேங்க் 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு, 20 லிட்டரும் உண்டு. மூடியின் கொள்ளளவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அதைவிடப் பெரிய வித்தியாசம் நடையில் வருகிறது. இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று, 100 சதுர மீட்டர் இடத்தைக் கயிறு கட்டிப் பிரியுங்கள். டேங்கில் வெறும் தண்ணீரை ஒரு குறி வரை ஊற்றி, வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அந்த இடம் முழுக்கத் தெளியுங்கள். பிறகு அதே குறி வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து ஊற்றுங்கள். 5 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் டேங்க் 300 சதுர மீட்டருக்கு வரும். லேபிளில் ஏக்கருக்கு 400 மில்லி என்றிருந்தால் 100 சதுர மீட்டருக்கு 10 மில்லி. அந்த டேங்குக்கு 30 மில்லி. அதே டேங்கில் அதே 30 மில்லியை ஊற்றிக்கொண்டு, மெதுவாக நடக்கும் புதியவர் 100 சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் தெளித்தால், டேங்க் 200 சதுர மீட்டரிலேயே தீர்ந்துவிடும். மருந்து ஒன்றரை மடங்கு விழுந்துவிட்டது. இலை கருகும். ‘கையில் வித்தை இல்லை’ என்போம். அவருடைய கணக்கில்தான் கோளாறு. அந்தக் கணக்கை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூடிக்குப் பதில் மில்லி குறித்த அளவுக்குவளை. களைக்கொல்லிக்கு விசிறி போல விரியும் தட்டை நாசில், பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பானே வேண்டும். டூ-ஃபோர்-டி என்ற களைக்கொல்லி அடித்த டேங்கைச் சும்மா அலசிவிட்டுத் தக்காளிக்கோ பருத்திக்கோ பூச்சிமருந்து அடித்தால், குருத்து முறுக்கிக்கொண்டு வரும். அதை வைரஸ் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து அடித்தவர்கள் ஏராளம்.

இனி, பழையவர்களின் கோபத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். புதியவரின் தவறு அவர் வேலிக்குள் நிற்பதில்லை. விடியற்காலையில் காற்றே இல்லை, தெளிக்க நல்ல நேரம் என்று அவர் நினைப்பார். அசைவே இல்லாத அந்தக் காற்றில் பொடித்துளிகள் தரையில் இறங்காமல் மிதந்து, பக்கத்து நிலத்தில் போய் இறங்கும். இலைகள் லேசாக அசையும் காற்று, அதுவும் பக்கத்துப் பயிர் இல்லாத திசை நோக்கிப் போகும் காற்று இருக்கும்போதுதான் தெளிக்க வேண்டும். பார்த்தீனியம் ஒரு செடியே 10,000-க்கும் மேல் விதை தள்ளும். ‘இயற்கையாக விட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் அதைப் பூக்க விட்டால், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் பல ஆண்டுகள் களை எடுக்க வேண்டும். பூக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள் என்று கேட்பதில் கர்வம் எதுவும் இல்லை.

ஆடுகளில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். குடற்புழு மருந்தை எடை பார்க்காமல், குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால், தாங்கிப் பிழைத்த புழுக்கள் மட்டும் பெருகும். பொது மேய்ச்சலில் அந்தப் புழு எல்லோர் பட்டிக்கும் போகும். அடுத்த முறை யார் கொடுத்தாலும் மருந்து கேட்காது. தராசில் நிறுத்தியோ, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்தோ எடை கண்டு கொடுங்கள். கூட்டமாகக் கொடுப்பதானால் சராசரி எடையை விட்டுவிட்டு, அதிலேயே கனத்த ஆட்டின் எடைக்கு ஏற்பக் கொடுங்கள். குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பல மருந்துகளில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அளவு வேறு. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் ஒன்றை மற்றதற்குக் கொடுக்காதீர்கள். வாங்கி வந்த புது ஆட்டை உடனே பட்டியில் சேர்க்காமல் குறைந்தது 21 நாள், முடிந்தால் 30 நாள், தனித் தண்ணீர், தனித் தீவனத் தொட்டி வைத்து ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்கும் போட்டுவிடுகிறார்கள். மாட்டுக்கு ஏற்ற தாமிர அளவு செம்மறிக்கு விஷம். வாரக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்து, ஒருநாள் சிறுநீர் சிவந்து, கண் மஞ்சளாகி ஆடு விழும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். தானியத் தீவனத்தையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு சுருண்டு படுக்கும். பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ குட்டிக்கு 300 மில்லி, பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நேரம் போகப் போக நோயெதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாள் கழித்து ஏறக்குறைய நின்றுவிடும்.

புதியவர் எங்களைப் பார்த்துக் கற்கக் கூடாதவையும் உண்டு. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிவது அதில் முதலாவது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. 7.5 செ.மீ. விட்டமுள்ள தண்டு ஒரே நொடியில் 2 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. மரக்கட்டையை இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சிலோ, அதற்கு மேலோ மாட்டுவது இரண்டாவது. கட்டை அசையாவிட்டால் முன்சக்கரம் தூக்கி, கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பின்னால் கவிழும். சங்கிலி கீழே இழுவைக் கம்பியில்தான் மாட்டப்பட வேண்டும். ‘இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் அவருடைய அனுபவத்துக்குக் காது கொடுக்காதீர்கள்.

புதியவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். விதைப்பும் அறுப்பும் நடக்கும் வாரத்தில் வந்து ‘செடி மஞ்சளா இருக்கு, என்ன பண்ணலாம்’ என்றால் நல்ல பதில் கிடைக்காது. மஞ்சள் கீழ் இலையிலா, குருத்திலா? அடியிலைகள் மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து. ஆனால் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலும் இரண்டு மாதிரியும் வரும். ஆகவே வேரோடு ஒரு செடி, இலையின் மேல்புறமும் அடிப்புறமும் தெரியும் படம், நிலத்தின் அளவு, எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் விட்டீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு வாருங்கள். தண்ணீரை அளப்பது எளிது: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் விட்டால் அது 1 மி.மீ. மழைக்குச் சமம். இப்படி நோட்டும் கையுமாக வருகிறவருக்குப் பதில் சொல்ல எந்த விவசாயிக்கும் சலிப்பு வராது. அந்த நோட்டைப் பார்த்து, தாங்கள் எவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறோம் என்று திருத்திக்கொண்ட பழையவர்களும் உண்டு. மண்ணில் கால் வைக்குமுன்பே ‘நீங்கள் எல்லோரும் விஷம் விளைவிக்கிறீர்கள்’ என்று தொடங்குகிறவர்களிடம்தான் வாய் அடைத்துக்கொள்கிறது. வேறு வருமானம் இருக்கிற தைரியத்தில் அடக்க விலைக்கும் கீழே விற்று, விவசாயத்தையே நம்பியிருப்பவரின் வயிற்றில் அடிப்பதும் அப்படித்தான்.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண் குறிப்புகளை வெளியிடும்போது ஏக்கர் கணக்கோடு 100 சதுர மீட்டர் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். ஏக்கர் அளவை 40-ஆல் வகுத்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். ‘ஏக்கருக்குத் தழைச்சத்து 40 கிலோ’ என்று எழுதினால், யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான் என்பதால் அதற்கு 87 கிலோ யூரியா என்பதையும், 100 சதுர மீட்டருக்கு அது சுமார் 2 கிலோ 170 கிராம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். சத்தின் எடையையே உரத்தின் எடை என்று படிப்பது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறில்லை. ‘ஒரு டேங்குக்கு’ என்று யார் எழுதி அனுப்பினாலும், எத்தனை லிட்டர் டேங்க் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய விவசாயிகள் சிலர்