சாப்ட்வேருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். பின்னலாடை நிறுவனங்களில் உள்தணிக்கை செய்வது என் தொழில். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒரே இடத்தில் நடத்தும் புது ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு அட்வான்ஸ் செக் எழுதுவதற்கு முன், உங்கள் கம்பெனிக்குள் தகவல் இன்றைக்கு எப்படி ஓடுகிறது என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள். வரைந்த பிறகும் அந்த மென்பொருள்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.

இப்போது நிலைமை என்ன? கணக்குக்கு டாலி. ஆர்டருக்கு எப்போதோ எழுதி வாங்கிய பழைய புரோகிராம் ஒன்று. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கையில் தனி எக்செல். துணி குடோனில் கைப்பட எழுதும் ரிஜிஸ்டர். இவற்றுக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் குரூப். துணியின் நிறம் (ஷேடு) ஓகே ஆனதும், ரோல் திருப்பி அனுப்பியதும், கூலி பேசி முடித்ததும் அதில்தான் இருக்கும். புது மென்பொருள் வந்தால் இந்த ஐந்தும் ஒன்றாகிவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். நான் பார்த்த பல இடங்களில் ஐந்து ஆறானதுதான் மிச்சம்.

இதற்கு மென்பொருள்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. டையிங்குக்கு, அதாவது சாயம் போட, போன துணியின் டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு), திரும்பி வந்த எடை, டையிங் பில் மூன்றையும் யார், எங்கே, எதை வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். குடோன் மேனேஜர் ஒரு பதில் சொல்வார், அக்கவுண்டண்ட் வேறு சொல்வார். "அதெல்லாம் ஃபேப்ரிக் மேனேஜர் பார்த்துக்குவாருங்க" என்பது மூன்றாவது பதில். இப்படி மூன்று பதில் இருக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், மூன்றில் எது ஏறும்?

வரைய வேண்டியவை இரண்டு. ஒன்று டேட்டா ஃப்ளோ வரைபடம், மற்றொன்று ஃப்ளோசார்ட். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கலந்து வரைந்து, கடைசியில் இரண்டுமே விளங்காமல் போவதுதான் வழக்கமாக நடப்பது.

டேட்டா ஃப்ளோ வரைபடம் 1970களின் கடைசியில் டாம் டிமார்கோ, எட் யூர்டன் போன்றோர் பரப்பிய முறை. குறிகள் நாலே நாலு. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஆட்களுக்குச் சதுரம்: பையர், நூல் மில், டையிங் யூனிட், வங்கி. வேலைக்கு வட்டம். தகவல் தங்கும் இடத்துக்கு இரண்டு இணைகோடுகள். அது ரிஜிஸ்டராக இருக்கலாம், எக்செல்லாக இருக்கலாம். இவற்றுக்கிடையே போகும் தகவலுக்கு அம்பு, ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பெயர். யார் முதலில், யார் பிறகு என்பது இதில் இல்லை. "ஆமாம்/இல்லை" என்ற முடிவுகளும் இல்லை. எந்தத் தகவல் எங்கிருந்து வந்து எங்கே தங்குகிறது என்பது மட்டும்தான்.

முதல் தடவை வரைகிறவர்கள் எல்லோரும் துணியை வரைந்துவிடுகிறார்கள். நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு அம்பு, டையிங்கிலிருந்து, துணி பிறகு சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங்குக்கு அம்பு. அது துணி போகும் பாதை. துணியைப் பற்றிய தகவலின் பாதை வேறு, அதுவும் நம் ஊரில் நிச்சயமாக வேறு. துணி டையிங்கிலிருந்து உங்கள் குடோனுக்கு வராமல் நேராகக் காம்பாக்டிங்குக்குப் போய்விடும். ஆனால் எத்தனை கிலோ போயிற்று என்ற தகவல் உங்களிடம் வந்தாக வேண்டும். இந்த ஒரு அம்பு எங்கே முடிகிறது என்று தேடினால் பெரும்பாலும் டிரைவர் சட்டைப்பையில்தான் முடியும்.

ஆயிரம் கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) கொடுத்து 940 கிலோ திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ பிராசஸ் லாஸ், அதாவது வேலையின்போது குறைந்த எடை. அது ஒத்துக்கொண்ட அளவுக்குள் இருக்கிறதா? ஒத்துக்கொண்ட அளவு எங்கே எழுதியிருக்கிறது? பில் கொடுத்த எடைக்கா, வந்த எடைக்கா? "பில் சரிபார்த்தல்" என்ற வட்டத்தை வரைந்து, அதற்குள் போக வேண்டிய அம்புகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டே வாருங்கள். லாஸ் சதவீதம் என்ற அம்பு எந்த ரிஜிஸ்டரிலிருந்தும் புறப்படாது. அது ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

உள்ளே எதுவும் போகாமல் வெளியே மட்டும் தகவல் வரும் வட்டத்தை இந்தத் துறையில் அதிசயம் என்பார்கள். உள்ளே போவது மட்டும் இருந்து எதுவும் வெளியே வராவிட்டால் அது கருந்துளை. அதற்குச் செக்கிங் டேபிள் ரிஜெக்‌ஷன் நோட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எந்த லைனில், என்ன குறை, எத்தனை பீஸ் என்று தினமும் அக்கறையாக எழுதுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. நோட்டு தீர்ந்தால் புது நோட்டு.

கட்டிங்கில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அதுவரை கிலோவில் பேசிய கணக்கு அங்கிருந்து பீஸில் பேச ஆரம்பிக்கும். வெட்டிய பீஸின் எடையும் கட்டிங் வேஸ்ட்டின் எடையும் சேர்ந்து, உள்ளே போன துணியின் எடைக்கு வர வேண்டும். வேஸ்ட்டுக்குத் தனி அம்பு போடாத வரைபடம் அழகாகத்தான் இருக்கும், கணக்குதான் நிற்காது.

இனி ஃப்ளோசார்ட். யார், எப்போது, எத்தனை நகல், யாரிடம் கையெழுத்து என்பதை இதுதான் காட்டும். தாளை நெடுக்காகப் பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பத்தி கொடுங்கள்: குடோன், கேட், அக்கவுண்ட்ஸ், முதலாளி. சலானுக்கு ஜி.எஸ்.டி. விதிப்படி மூன்று நகல்: சரக்கு பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புகிற உங்களுக்கு ஒன்று. மூன்றையும் கடைசி வரை பின்தொடருங்கள். கோப்பில் போய்ச் சேருகிற தாளுக்குத் தலைகீழ் முக்கோணம் போட்டு, தேதிவாரியாகவா எண்வாரியாகவா என்று உள்ளே குறியுங்கள். முக்கோணத்தில் முடியாத நகல் தொலைந்த நகல்.

முடிவெடுக்கும் இடத்தில் சாய்சதுரம். "எடை பொருந்துகிறதா?" ஆமாம் என்ற கோடு ஒழுங்காகப் பில் பாஸ் ஆகும் இடத்துக்குப் போய்விடும். தணிக்கைக்காரன் கண் போவது இல்லை என்ற கோட்டில்தான். அந்தக் கோடு அநேகமாக அந்தரத்தில் நிற்கும். பில் தொகையைக் குறைக்கும் டெபிட் நோட் யார் போடுவது, டையிங்காரரிடம் யார் பேசுவது, அதுவரை பில் யார் மேசையில் கிடக்கும் என்று கேட்டால், "அது சமயத்துக்குத் தகுந்தாப்ல பண்ணிக்குவோமுங்க" என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் பணம் போகிறது.

பத்திகளாகப் பிரித்து வரைவதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆர்டர் கொடுப்பது, சரக்கு வாங்கி வைப்பது, பில் பாஸ் செய்வது மூன்றும் ஒரே பத்திக்குள் விழுந்தால், அந்த வேலையெல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் யோக்கியரா என்பது வேறு விஷயம். யோக்கியராகவே இருந்தாலும், அவர் தவறிய இடத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆள் அந்தத் தாளில் இல்லை.

சட்டமும் இப்போது தகவலைத்தான் கேட்கிறது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு, அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பவும் இல்லை, அங்கிருந்தே விற்பனைக்குப் போகவும் இல்லை என்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள். ஜாப் ஒர்க் சரக்கின் விவரம் கேட்கும் ஐ.டி.சி.-04 படிவத்தை 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்த பிறகு, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் அந்தச் செலவை, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். இந்த நாட்கணக்கு சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். ஏற்ற நாள் தெரிந்தவர் குடோன்காரர். அக்கவுண்ட்ஸோ பில் கைக்கு வந்த தேதியைப் போட்டுக்கொண்டிருக்கும். குடோனிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு "ஏற்ற தேதி" என்ற ஒரு அம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜாப் ஒர்க் செய்பவர் குறுவா, சிறுவா என்று காட்டும் உத்யம் சான்று எந்தக் கோப்பில் தங்குகிறது என்பதையும் கூடவே கேளுங்கள்.

எப்படி வரைவது? நடக்க வேண்டியதை வரையாதீர்கள், நடப்பதை வரையுங்கள். அதற்கு முடிந்துபோன ஒரு லாட்டை எடுத்து, நூல் வாங்கியதிலிருந்து கடைசி ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் போனது வரை, அதன் தாள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். மேனேஜர் அறையில் உட்கார்ந்து கேட்டால் நன்றாக நடக்கும் கம்பெனி ஒன்று கிடைக்கும். சலான் எழுதும் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் கம்பெனி கிடைக்கும். பென்சிலும் பெரிய சார்ட் பேப்பரும் போதும். கம்ப்யூட்டரில் கலர் கலராகப் போட்டுத் தரும் ஆலோசகர்கள் உண்டு. அழித்து எழுத மனம் வராத படத்தை நான் நம்புவதில்லை. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள், ஒருவரும் உண்மை சொல்ல நேரம் தர மாட்டார்கள்.

"ரகசியம் வெளியே போயிடுமே" என்று சிலர் கேட்பதுண்டு. படத்தில் ரேட்டும் பையர் பெயரும் வேண்டியதில்லை, "பையர்" என்று ஒரு சதுரம் போதும். பத்து மெஷின் வைத்து ஸ்டிச்சிங் மட்டும் செய்கிறவர்களுக்கு இத்தனையும் தேவையில்லை. சலானுக்கு ஒன்று, கூலி பட்டுவாடாவுக்கு ஒன்று என்று இரண்டு ஃப்ளோசார்ட் போதும்.

மென்பொருள்காரரும் ஒரு படம் கொண்டுவருவார். அது அவருடைய மென்பொருளின் படம். உங்கள் படத்தை மேசையில் விரித்து, இதில் எந்தெந்த வட்டம் உங்கள் மென்பொருளுக்குள் வரும், எந்தெந்த ரிஜிஸ்டர் அதன் பிறகும் கையில் எழுத வேண்டியிருக்கும் என்று அவர் கையாலேயே சிவப்புப் பேனாவில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் படத்துக்கு டையிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் மூலையில் தேதியும், இனி மாறுவதைத் திருத்தும் பொறுப்புள்ளவரின் பெயரும் இருக்கட்டும். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டாம். உங்களுக்கு நேரம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓர் உள்தணிக்கையாளர்
திருப்பூர்