எந்த ஆண்டு விதியைப் பார்த்துப் பதில் எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் 31 வயது ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், இனி எம்பிபிஎஸ் படிக்க வழியுண்டா என்று கேட்டிருந்தார். பட்டம் இல்லை, கையில் இருப்பது நர்சிங் டிப்ளமோ என்றும் எழுதியிருந்தார். 25 வயதோடு நீட் முடிந்தது, முதலில் அஞ்சல்வழியில் ஒரு டிகிரி வாங்கிக்கொண்டு வேறு துறை பாருங்கள் என்று தங்கள் நிபுணர் மூன்றே வரியில் அவரை வழியனுப்பிவிட்டார். மூன்று வரிக்குள் இத்தனை தவறு செய்வதற்கும் ஒரு கைத்தேர்ச்சி வேண்டும்தான்.

தங்களுக்குத் தெரியாததல்ல. பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்ற உச்சவரம்பு 2018 ஜனவரியில் அரசிதழில் வந்தது. அந்த மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம், வயது கடந்தவர்களும் தேர்வு எழுதலாம், சேர்க்கை இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையமே உச்சவரம்பை எடுத்துவிட்டது. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேலே எல்லை கிடையாது. வரம்பு வந்தபோது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட தாங்கள், அது போனபோது உள்பக்கத்தில் நான்கு வரி போட்டீர்கள். தங்கள் நிபுணர் உள்பக்கம் படிப்பதில்லை போலும்.

டிகிரி என்ற யோசனை இன்னும் வேடிக்கை. சில வெளிநாடுகளில் பட்டதாரிகளுக்கென்று தனி மருத்துவப் படிப்பு உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. பி.எஸ்சி.யோ எம்.எஸ்சி.யோ கையில் இருந்தாலும் நீட் தரவரிசையில் அரை மார்க் கூடப் போவதில்லை. ஸ்டாஃப் நர்ஸாகவோ லேப் டெக்னீஷியனாகவோ பத்தாண்டு பார்த்த வேலைக்கும் சலுகை கிடையாது. அது நியாயமா என்பது வேறு விவாதம். 720 மார்க் தாள் ஒன்றுதான் வாசல்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. இதற்காக மூன்று வருடம் அஞ்சல்வழியில் பி.ஏ. படிக்கச் சொல்வது, ரயிலைப் பிடிக்கப் போகிறவரை வழியில் கல்யாண வீட்டில் உட்காரவைப்பதுதான்.

வயதுதான் தடை என்று சொல்லிவிட்டால் உண்மையான தடைகளைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அந்த வசதி எனக்கும் புரிகிறது. முதல் தடை பிளஸ் டூ குரூப். நர்சிங் டிப்ளமோவில் காமர்ஸ் படித்தவர்களும் சேரலாம். அதனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இல்லாதவர்கள் அந்த வேலையில் ஏராளம். முன்பு இந்தப் பாடங்களை இரண்டாண்டு பள்ளியில் தொடர்ந்து படித்திருக்க வேண்டும் என்பார்கள். 2023 நவம்பர் அறிவிப்பில், பிளஸ் டூ முடித்த பிறகு கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினாலும் செல்லும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இருந்த தடையோ 2018-லேயே விழுந்தது. வயது வரம்பைச் சரி என்ற அதே டெல்லித் தீர்ப்புதான் அதையும் தள்ளியது. தங்கள் இதழில் பாதித் தீர்ப்புதான் வந்தது.

ஆகவே அந்தச் செவிலியருக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் முழுச் சேர்க்கை வேண்டாம், வேண்டிய பாடங்களை மட்டும் எழுதும் பகுதிச் சேர்க்கை போதும். பாட எண்கள்: இயற்பியல் 312, வேதியியல் 313, உயிரியல் 314. ஆங்கிலம் ஏற்கெனவே பிளஸ் டூவில் இருக்கிறது. பகுதிச் சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியல்தான் வரும், தனிச் சான்றிதழ் வராது. பழைய பிளஸ் டூ பட்டியலையும் இதையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தேர்வு, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்.

இதில் வேலைக்குப் போகிறவர்கள் வழுக்குவது செய்முறையில். எழுத்துத்தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 விழுக்காடு வேண்டும். செய்முறை, எழுத்துத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடும். தேதியைப் படிப்பு மையத்தில் கேட்டுக்கொள்ளாமல் நைட் டியூட்டிக்குப் போனவருக்கு ‘ஆப்சென்ட்’ விழும். எழுத்துத்தேர்வில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் மையங்களும் உண்டு. அங்கே சேர்ந்தவர், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைத் தேர்வன்றுதான் முதன்முதலாகத் தொடுவார். குழாயைத் திறந்துவிட்டுக் குடுவையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கரைசல் மெல்லிய ரோஜா நிறம் காட்டிய சொட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும், அவர் நிறுத்தும்போது நல்ல அடர் சிவப்பு. ஞாயிறு வகுப்புக்கு மாதம் இரண்டு முறை போனால் தீர்கிற விஷயம் இது.

தேறினால் மட்டும் போதாமல் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 40 என்று நெடுங்காலம் கேட்டார்கள்; சேரும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய 1,200 மார்க் காலத்தில் 200-க்கு 70 எடுத்தாலே பாஸ். பாடத்துக்கு 70 வாங்கித் தேறியவருக்கு 35 விழுக்காடுதான். அந்த விதி இருந்தால், அவர் நீட்டில் என்ன வாங்கினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவார். இதை முன்கூட்டியே சொல்வதற்கு ஒரு நிபுணர் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும்.

அடுத்தது பெயர். கல்யாணமான பெண்களுக்கு இது பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல் அல்லது முழுப்பெயர். விண்ணப்பத்துக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சான்றிதழை ஆதாருக்கு ஏற்றபடி மாற்றக் கிளம்பினால் அந்த வருடம் போய்விடும். அதேபோல் நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்குத் தாலுகா ஆபீஸில் கணவரின் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். கொடுக்க வேண்டியதில்லை. கிரீமி லேயர், அதாவது ஓபிசியில் வசதி படைத்தவர்களை விலக்கும் வரம்பு, பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்து. கணவரின் வருமானம் கணக்கில் வராது. இதைச் சொன்னால் முறைப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரின் சான்று வாங்க வேண்டும். இருபது வருடப் பழைய சேர்க்கைப் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது என்று பள்ளிக்கே தெரியாது. நீட் முடிவு வந்தபிறகு ஓடினால் கிடைக்காது. தேர்வுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை போய் வாங்கிவைப்பது உத்தமம். முதல் பட்டதாரிச் சலுகையை நம்பி இருக்க வேண்டாம். தான் சம்பாதித்துத் தம்பியைப் படிக்கவைத்த அக்காள்களுக்கு அது கிடைக்காது, தம்பிதான் முதல் பட்டதாரி. நீட் விண்ணப்பம் வேறு, கவுன்சலிங் விண்ணப்பம் வேறு. மாநில மருத்துவச் சேர்க்கையை நடத்தும் சென்னை கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழுவின் அறிவிப்பு வந்ததும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மார்க் வாங்கிவிட்டு, அழைப்பு தானாக வரும் என்று வீட்டில் காத்திருப்பவர்கள் வருடந்தோறும் உண்டு.

சேர்ந்த பிறகு வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது என்பதைத் தங்கள் நிபுணர் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் பணி. மாலை நேரக் கல்லூரி, அஞ்சல்வழி எதுவும் கிடையாது. வருகைப்பதிவு வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 விழுக்காடு. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்பு, மொத்தப் படிப்புக்கு ஒன்பதாண்டு. இதற்குத் தயாராக இருக்கிறாரா என்று அவரிடம் கேட்பது நேர்மையான கேள்வி. 25 என்பது கேள்வியே அல்ல.

வயதானவர்கள் மருத்துவம் படிப்பது தங்களுக்குப் படச்செய்தி மட்டும்தான். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் பூர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, ‘தாத்தா டாக்டர்’ என்று சிரிக்கச் சிரிக்கத் தலைப்பு வைத்தீர்கள். எந்த விதியின்கீழ் சேர்ந்தார் என்று ஒரு வரி இல்லை. 2007 முதல் 2016 வரை நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மார்க்கை வைத்தே தமிழ்நாட்டில் இடம் கொடுத்தார்கள். உயிரியலை 100-க்கும் இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் சுருக்கி 200-க்குக் கட்-ஆஃப். அதில் கால் மார்க்கில் இடத்தைத் தவறவிட்டவர்களுக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. 2018-ல் நீட் தமிழ்த் தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் தரச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். அந்த வருடம் எழுதியவர்களும் இப்போது 25-ஐ ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்களே. இவர்களுக்கெல்லாம் தங்கள் இதழ் தருவது இரண்டு: வழி மூடிவிட்டது என்ற பதில் ஒரு பக்கத்தில், வயது தடையில்லை வெளிநாட்டில் டாக்டராகலாம் என்ற முழுப்பக்க விளம்பரம் எதிர்ப்பக்கத்தில். வெளிநாட்டுக்குப் போகவும் நீட் தேறியிருக்க வேண்டும், 54 மாதம் ஆங்கிலவழிப் படிப்பும் அதே இடத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும் என்பது அந்த விளம்பரத்தில் எந்த மூலையிலும் இல்லை. கட்டணம் செலுத்தியவர்கள் போட்டது, தாங்கள் என்ன செய்வீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த நீட் விண்ணப்பம் திறப்பதற்கு முன், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், வயது உச்சவரம்பு இல்லை, பட்டம் தேவையில்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். கேட்ட செவிலியரின் முகவரி தங்களிடம் இருக்கும். அவருக்கு ஒரு பிரதி அஞ்சலில் அனுப்பினால், அதற்கான தபால்தலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் முதுகலை ஆசிரியர் (ஓய்வு),
தேனி மாவட்டம்.