இங்லிஸ் எலிவேட்டர்களைக் காத்து நிற்பவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஐந்து மரக் கட்டடங்களை இடிக்க விடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது. கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ரஸ்ஸல் ஊருக்கு வடக்கே இருக்கிறது இங்லிஸ். சின்ன ஊர், உழவர் ஊர். கனடியன் பசிபிக் ரயில்வேயின் கிளைப் பாதையை ஒட்டி, 1922 முதல் அங்கே தானிய எலிவேட்டர்கள் எழுந்தன. ரயில் நின்றுபோனது, எலிவேட்டர்கள் நிற்கின்றன. பிரெய்ரி சமவெளியில் ஒரு காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கண்ணில் பட்ட இந்த எலிவேட்டர் வரிசை, இன்று முழுசாகப் பார்க்கக் கிடைப்பது மிக அரிது. 1990-களில் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனதற்குக் காரணம், அந்த ஊர்க்காரர்கள் கேட்டதும் விடாமல் நின்றதும்தான்.

எலிவேட்டர் என்றதும் நமக்கு மாடி ஏறும் லிஃப்ட் நினைவுக்கு வரும். இங்கே மேலே ஏறுவது தானியம்; உழவர் கொண்டுவருவதை ஏற்றிச் சேமித்து ரயிலில் அனுப்பும் கட்டடம் இது. பார்ப்பதற்குக் கிடங்கு போல இருந்தாலும், அடி முதல் முடி வரை அது ஓர் இயந்திரம். அதைப் புரிந்துகொண்டு காத்தார்களே, நன்றி முதலில் அதற்குத்தான். வெளிச்சுவரை மட்டும் வண்ணம் பூசி நிறுத்தியிருந்தால் ஓர் உயரமான பெட்டிதான் மிஞ்சியிருக்கும்.

சுவரிலிருந்தே தொடங்கலாம். கோதுமை ஒரு புஷல் (தானியம் அளக்கும் அளவு) 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. 30,000 புஷல் கொள்ளும் சாதாரண எலிவேட்டர் நிரம்பினால் 800 டன்னுக்கு மேல் கனம். அந்தக் கனம் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். வீடு கட்டுவது போலத் தூண் நட்டுப் பலகை அடித்தால் சுவர் பிதுங்கிப் பிளந்துவிடும். அதனால் பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஆணி அடித்து, சுவர் முழுவதையும் கெட்டி மரமாகவே எழுப்பினார்கள். அழுத்தம் அதிகமான கீழ்ப்பகுதியில் 2-க்கு 6 அங்குலப் பலகை, பெரிய கட்டடங்களில் 2-க்கு 8. மேலே போகப் போக 2-க்கு 4. மூலைகளில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பின்னிக்கொள்ளும். இந்த வேலை தெரிந்த தச்சர்கள் இன்று மிகக் குறைவு. ஒரு பலகை மக்கினால் அதைத் தனியே உருவ முடியாது. மேலிருக்கும் சுமையை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் கீழே கை வைக்க வேண்டும். அந்தப் பொறுமையோடு வேலை செய்த எல்லாத் தச்சர்களுக்கும் நன்றி.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைக் கிடங்குகள் வேறு வகை. போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கோதுமை தேங்கியபோது, 1940, 41 வாக்கில் பிரெய்ரி முழுவதும் அவசரமாக எழுந்தவை அவை. பலவற்றில் அடுக்குச் சுவர் இல்லை. தூண் வைத்த சுவரை உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கம்பியும் திருகும் துருப்பிடித்தால் கிடங்கின் உறுதி போச்சு. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. ஏறிப் போய் ஒவ்வொரு திருகாகத் தட்டிப் பார்க்கிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

இயந்திரத்தின் உயிர் 'லெக்', அதாவது தானியத்தை மேலே ஏற்றும் பகுதி. உழவரின் வண்டி உள்ளே வந்ததும் எடைமேடையில் நிறுத்தி சுமையோடு எடை பார்ப்பார்கள். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்க, பின்பக்கக் கதவு வழியாகத் தானியம் தரைக்கடியில் உள்ள குழியில் கொட்டும். பிறகு காலி வண்டியின் எடை; இரண்டின் வித்தியாசம் தானியம். குழியிலிருந்து அது 'பூட்' எனப்படும் அடிப்பெட்டிக்கு வழியும். அங்கிருந்து உச்சிவரை முடிவில்லாமல் சுற்றும் ஒரு பெல்ட், அதில் வரிசையாகக் கிண்ணங்கள். கிண்ணம் அள்ளிக்கொண்டு மேலே போய், உச்சிக் கப்பியைத் தாண்டும் வேகத்தில் வீசி எறியும். விழுகிற இடத்தில் 'கெர்பர்' என்ற திருப்புக் குழாய். கீழே நின்றபடியே ஒரு சக்கரத்தைத் திருப்பி, எந்தச் சேமிப்பு அறைக்குப் போக வேண்டுமோ அதற்கு நேராகக் குழாயை நிறுத்துவார் எலிவேட்டரை நடத்தும் முகவர். ஒரு தடம் தவறினால் முதல் தரக் கோதுமை மூன்றாம் தரத்தோடு கலந்துவிடும். பிரிக்க வழியே இல்லை. அறை நிரம்பியதைக் கவனிக்காவிட்டால் தானியம் லெக்கிலேயே பின்வாங்கி அடிப்பெட்டியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் குழிக்குள் இறங்கிக் கையால் அள்ள வேண்டியதுதான்.

தீ பற்றுவதும் பெரும்பாலும் இங்கேதான். மரச்சுவர் காய்ந்தும் அமுங்கியும் கட்டடம் அங்குலம் அங்குலமாகத் தணியும். தணிந்தால் உச்சிக்கும் அடிக்கும் இடையே தூரம் குறையும், பெல்ட் தொய்யும், கப்பியில் வழுக்கும், உராய்ந்து சூடேறும். உச்சியில் எண்ணெய் வற்றிய பேரிங்கும் அப்படியே. சுற்றிலும் தானியத் தூசி. அதனால்தான் அடிப்பெட்டியில் பெல்ட்டை இறுக்கும் திருகுகள் உண்டு. அதனால்தான் எஞ்சின், அலுவலகக் கட்டடத்தில் சற்றுத் தள்ளி இருக்கும். பக்கத்து மாகாணமான சஸ்காட்சவானின் ஃப்ளெமிங்கில் 1895-இல் கட்டிய எலிவேட்டர், நூறாண்டு தாண்டி நின்றும் 2010-இல் எரிந்து சாம்பலானது. அதன் பிறகும் கட்டடங்களைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காப்பவர்களை, தூசியைப் பெருக்கி அகற்றுபவர்களை, அறைகளின் மூலையில் கிடக்கும் பழைய தானியத்தைச் சுரண்டி எடுப்பவர்களை நினைத்துப் பார்க்கிறோம். மிச்சத் தானியத்தில் ஈரம் பட்டால் எலியும் வரும், பலகையும் அழுகும். புறாக்கள் புகுந்தால் எச்சம் ஓர் அடி உயரம் குவியும். முகமூடி இல்லாமல் அதை அள்ளக் கூடாது. இந்த வேலைக்கு வந்த ஒவ்வொரு கைக்கும் கும்பிடு.

மேன்லிஃப்ட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உச்சிக்குப் போக ஒரே ஆள் நிற்கும் பலகை, கயிறு, மறுமுனையில் எதிர்ச்சுமைப் பெட்டி. பெட்டியில் இரும்புத் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் அந்த முகவரின் உடல் எடைக்குச் சரியாக வைத்திருப்பார்கள். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தாலே இறகு போல ஏறும். அவரைவிடக் கனத்த ஆள் ஏறினால் பலகை சரிந்து இறங்கும். மெலிந்தவர் ஏறிப் பிரேக்கை விட்டால் கூரையை நோக்கிப் பறக்கும். பார்வையாளர்களை அதில் ஏற்றாமல், ஆனால் கழற்றி எறியாமலும் விட்டுவைப்பது நல்ல முடிவு என்பது எங்கள் கருத்து.

எடைமேடையையும் சல்லடைகளையும் காத்தவர்களுக்குத் தனி நன்றி. பதரும் களைவிதையும் எத்தனை சதவீதம் என்று சலித்துப் பார்த்து அதைக் கழித்துக்கொண்டுதான் விலை போடுவார்கள். எடை, கழிவு, தரம் மூன்றிலும் ஏமாற்றப்படுகிறோம் என்ற உழவர்களின் கோபம் சும்மா வந்ததல்ல. 1900-இல் மானிட்டோபா தானியச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டின் கடைசியில் இன்றைய சஸ்காட்சவானில் உள்ள இந்தியன் ஹெட் ஊரில் உழவர்கள் சங்கம் கட்டினார்கள். ரயில் பெட்டிகளை அந்தச் சட்டப்படி ஒதுக்கவில்லை என்று, பக்கத்து ஊரான சின்டலூட்டாவின் ரயில் நிலைய முகவர் மீது 1902-இல் வழக்குப் போட்டு வென்றார்கள். பின்னாளில், முகவர் சொல்லும் தரத்தை ஏற்காத உழவர், மாதிரியை அரசு ஆய்வாளருக்கு அனுப்பித் தீர்ப்புப் பெறலாம் என்ற உரிமையும் வந்தது. ஒரு சல்லடையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று விளங்கும்.

1930-களில் பிரெய்ரி மாகாணங்களில் 5,700-க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. குதிரை வண்டி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. லாரி வந்தது, கான்கிரீட் கிடங்குகள் வந்தன, கிளைப் பாதைகள் மூடப்பட்டன, 1995-இல் பழைய ரயில் கட்டணச் சலுகையும் போனது. மரக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அந்த நேரத்தில், வருமானம் ஒரு காசும் தராத ஐந்து கட்டடங்களுக்கு நிதி திரட்டியவர்கள், கூரை மாற்றச் செலவு கொடுத்தவர்கள், விடுமுறை நாளில் வந்து வழிகாட்டியவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. இத்தகைய எலிவேட்டர்களின் உட்சுவர்களில் பென்சிலால் எழுதிய கணக்குகள் இருக்கும்: ரயில் பெட்டி எண், புஷல், தேதி, அவசரக் கூட்டல். துப்புரவு செய்யும்போது அவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைக்காமல், மேலே வண்ணம் அடிக்காமல், அந்த ஓரத்தை அப்படியே விட்டவர்கள் யாரோ, அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
மரக் கட்டுமானங்களில் ஈடுபாடு கொண்ட தமிழ் நண்பர்கள்