குளிரிலும் தசை வளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த அண்டார்டிகா மீன்கள் கட்டுரையைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். ரத்தம் பனிக்கட்டியாக உறையாமல் காக்கும் புரதம், ஹீமோகுளோபினே இல்லாத பனிமீன் எல்லாம் சரிதான். ‘கடுங்குளிரில் தசை வளராது, அதனால் அங்கே எல்லாம் குட்டி மீன்கள்’ என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். ஆள் உயரம் வளரும் டூத்ஃபிஷ் இருப்பதும் அதே கடலில்தானே? முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள், சும்மா இருக்க முடியவில்லை.

வெந்த சீலா மீனை விரலால் தொட்டால் சதை ஏடு ஏடாகப் பிரியும். ஒவ்வொரு ஏட்டிலும் தசைநார்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். தசை வளர இரண்டு வழி: புது நார்கள் உருவாக வேண்டும், அல்லது இருக்கிற நார்கள் பருக்க வேண்டும். பெரும்பாலான மீன்கள் ஏறக்குறைய பாதி வளர்ச்சி வரை புது நார்களைச் சேர்த்துக்கொண்டே போகும். அண்டார்டிகாவின் பனிமீன்களிலும் அவற்றின் உறவுக்கார மீன்கள் பலவற்றிலும் நார்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தடி தடியாக இருக்கும். சிலவற்றில் ஒரே நார் அரை மில்லிமீட்டர் வரைகூடப் பருக்கும். நம் தலைமுடியெல்லாம் அதன் பக்கத்தில் நூலிழை!

வெதுவெதுப்பான கடலில் துள்ளித் திரியும் மீனுக்கு இவ்வளவு தடித்த நார் சரிப்படாது. நடுவரை ஆக்சிஜன் போய்ச் சேராது. மைனஸ் 1.9 டிகிரிக்கு இறங்கும் நீரிலோ ஆக்சிஜன் தாராளமாகக் கரைந்திருக்கும், உடம்பின் தேவையும் குறைவு. சரி, தடித்து என்ன லாபம்? ஒரு மூட்டை அரிசியை நூறு சின்னப் பைகளில் கட்டினால் எவ்வளவு துணி ஆகும், ஒரே சாக்கில் கட்டினால் எவ்வளவு? நாரின் சவ்வுதான் அந்தத் துணி. சவ்வின் இருபுறமும் சோடியம், பொட்டாசியம் அளவைக் காக்க மீன் ஓயாமல் சக்தி செலவழிக்கிறது. துணி குறைந்தால் அந்தச் செலவும் குறையும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இயன் ஜான்ஸ்டன் குழுவினர் சொன்ன விளக்கம் இது. எனக்கும் நியாயமாகவே படுகிறது.

வளர்ச்சி மெதுவாக நடப்பது உண்மை. அந்தக் குளிரில் தசைக்கான புரதம் தனக்குரிய வடிவத்துக்கு ஒழுங்காக மடங்குவதே பாடு. உருவாக்கியதில் ஒரு பங்கைக் கழித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மெதுவாக வளர்வது வேறு, வளராமலே இருப்பது வேறு.

அப்புறம், கட்டுரைக்குப் பக்கத்தில் பனிக்கரடி படம் போட்டிருந்தீர்கள். அது வடதுருவத்து ஆசாமி. பனிமீனை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது. இதைக் கண்டுபிடித்தது நானில்லை, நாலாம் வகுப்புப் படிக்கும் பேரன்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தூத்துக்குடி