பேனாவின் மூடி

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மழை விடாமல் பெய்ததில் பின்கட்டுச் சுவர் ஊறியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீ பேசி ஆறு வாரமாகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் நானே சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீ கனடாக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கப் போவதாக அக்கா சொன்னாள். நீயே சொல்லியிருக்கலாம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், உன் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்து. சிரிக்காதே. நம் வீட்டில் ஆவணத்தைத் தொலைத்தவர் யாரும் இல்லை. ஆனால் கையில் இருந்த ஆவணம் ஒரே நாளில் செல்லாமல் போன வரலாறு நமக்கு உண்டு.

சிவப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கும் அப்பாயியின் அட்டையை நேற்று எடுத்துப் பார்த்தேன். 'தாயகம் திரும்பியோர்' என்று எங்களுக்குப் பெயர். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை கடலையே பார்த்திராத நான் எந்தத் தாயகத்துக்குத் திரும்பினேன் என்று யாரும் கேட்கவில்லை. புகைப்படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அப்பாயி மட்டும் பக்கவாட்டில், வரிசை நகர்கிறதா என்று பார்க்கிறாள்.

1947 தேர்தலில் எங்கள் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது உனக்குத் தெரியும். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்று ஆனபோது, வடக்குத் தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் நிற்கவில்லை. செல்வநாயகம் நின்றார். இன்று இவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்பதைச் சொல்லியே அவர் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தனிக்கட்சி கண்டார். பின்னர் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. அந்த மிச்சமான ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாக வெட்டினார்கள். விண்ணப்பம் கேட்டபோது இலங்கையில் இருக்கவே ஒதுக்கீட்டை விட அதிகம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு ஒதுக்கீடு நிரம்பவில்லை. மக்களின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தலைமன்னாருக்கு எங்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்ததும் சும்மா இல்லை.

இதையெல்லாம் உனக்கு ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது. மறுபடியும் எழுதுவதற்குக் காரணம், நம் குடும்பத்தில் ஒரு நாட்டின் குடியுரிமையைத் தானே விரும்பிக் கேட்டுப் பெறும் முதல் ஆள் நீதான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை நேரில் சொல்ல வராது. எழுத்தில் வருகிறது.

நீ சென்ற மாதம் குடும்பக் குழுவில் அனுப்பிய காணொளியை நான் பார்க்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். படிப்பு விசாவில் வருகிறவர்களால் வாடகை ஏறியது பற்றியும் வேலை போனது பற்றியும் ஏதோ இருந்ததாக அக்கா சொன்னாள். இருக்கலாம். 2024இல் அந்த நாட்டு அரசே மாணவர் அனுமதிக்கு வரம்பு வைத்தது. அதற்கு வீட்டுப் பற்றாக்குறை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது எனக்கும் தெரியும். ஓர் அரசு எண்ணிக்கையை முடிவு செய்வது வேறு, வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது வேறு. காணொளியின் கீழே நீ எழுதியிருந்த ஒரு வரியைத்தான் சொல்கிறேன். சரி, பார்த்துவிட்டேன் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய்.

அஞ்சல் வழியில் சமூகவியல் படித்தபோது ஜிம்மல் என்ற ஜெர்மானியர் 1908இல் எழுதியதைப் பாடமாக வைத்திருந்தார்கள். அவர் கணக்கில் அந்நியன் என்பவன் இன்று வந்து நாளை போகும் வழிப்போக்கன் அல்லன். இன்று வந்து நாளையும் தங்கிவிடுகிறவன். பக்கத்திலேயே இருப்பான், ஆனாலும் தூரத்தவனாகவே எண்ணப்படுவான். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தேன். அவர் எழுதாமல் விட்ட ஒன்றை நீலகிரியின் பந்தலூரில் கண்ணால் பார்த்தேன்: தன் இடம் உறுதியில்லாதவனுக்கு, அடுத்து வருகிறவனைத் தள்ளி நிறுத்திக் காட்டுவதே தான் உள்ளூர்க்காரன் என்பதற்கான சான்றிதழாகத் தோன்றுகிறது. எங்களை உள்ளூரார் 'சிலோன்காரன்' என்றார்கள். 1970இல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் 1978இல் வந்தவர்களை அதே சொல்லால் அழைத்தார்கள்.

உன் முதல் குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் மூன்று மாதம் வாடகை வாங்காமல் பேஸ்மென்ட்டில் தங்க வைத்தாரே, அந்த அண்ணரை நினைத்துக்கொள். அவர் அகதியாகப் போனவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததையும் உள்ளூர் மீனவர்கள் அவர்களைத் தூக்கிக் கரை சேர்த்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் சொன்னது பொய், மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் அங்கே பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படகுக்குள் கை நீட்டிய மீனவர், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உனக்கு இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, தம்பி. என் சித்தப்பாவைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அவர் இலங்கைப் பட்டியலில் பெயர் வந்து அங்கேயே தங்கியவர். 83 கலவரத்தில் லயம் எரிந்த பிறகு, 1985இல் குடும்பத்தோடு படகேறி மண்டபம் முகாமுக்கு வந்தார். அதே மண்டபத்தில்தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் வந்து இறங்கினோம்; எங்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பதிந்தார்கள், அவருக்கு 'அகதி' என்று. முகாமுக்கு வெளியே உறவினரோடு தங்க, ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டியிருந்தது. எனக்குக் கடிதம் போட்டார். அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போலீஸ் விசாரணை வரும் என்று பயந்து பதில் போடவில்லை. அவரே அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். பாலித்தீன் பையில் விண்ணப்பம். நான் உடனே கையெழுத்துப் போட வசதியாக, பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உடனிருந்த ஆசிரியர் யார் என்று கேட்டார். தோட்டத்தில் தெரிந்தவர், அகதி, என்றேன்.

சித்தப்பாவின் காதில் அது விழுந்தது. மூடியை மெதுவாகப் பேனாவில் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வேலையைப் பாருங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அதுவரை அவர் 'டா' போட்டுத்தான் பேசுவார். முகாமிலேயே இறந்தார். அப்பாயிக்கு இது கடைசிவரை தெரியாது. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். சித்தப்பாவின் மகள் செல்வி அத்தை பத்து வயதில் வந்தவள், ஐம்பது ஆகிறது, இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அவள் நம் வீட்டு விசேஷங்களுக்கு ஏன் வருவதில்லை என்று நீ சிறுவயதில் கேட்பாய்.

போன வாரம் வந்தாள். அவள் மகனுக்கு, தகப்பன் இந்தியன் என்பதால், பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் இடமும் விசாவும் வந்துவிட்டன; ஜனவரியில் கிளம்புகிறான். அங்கே யாரையும் தெரியாது. தங்க இடம் அவள் கேட்கவில்லை. உன் முகவரியை மட்டும் கேட்டாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குமரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவாள். அதற்குள் ஒரு போன் செய். பாஸ்போர்ட் நகல் எடுப்பதை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா