யாருக்காக ஓடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சமூகத்தில் நீரிழிவு பெருகி வருவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நல்ல அறிவுரை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு, காலணியும் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக் கதவைத் தாண்ட முடியாமல் நிற்கும் பெண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை தைப்பது என் பிழைப்பு. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அளவு நாடாவைப் பிடிப்பவளுக்கு நன்றாகத் தெரியும். திரைக்குப் பின்னால் போனதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்வார்கள். "அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் அக்கா" என்பார்கள். என் அளவுப் புத்தகத்தில் ஒரே பெயருக்கு நேராகப் பல தீபாவளிகளின் கணக்கு இருக்கிறது. இடுப்பு ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். பிறகு ஏதோ ஒரு தீபாவளிக்குத் தோளும் கையும் திடீரென்று மெலிந்திருக்கும். நீரிழிவு முற்றினால் உடம்பு அப்படித்தான் இளைக்கிறது என்பதால், அந்த எண்ணை எழுதும்போது எனக்கு மனம் கலங்கும். என்னிடம் நெடுநாளாகத் தைக்கும் ஒருவருக்கு இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் பாவாடையைத் தரையைத் தொடும்படி தைத்துத் தரச் சொல்கிறார்.

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இங்குள்ள இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. என் கடைக்கு வரும் மூன்று பேரில் ஒருவர் என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று அரசாங்க கிளினிக்கில் சொன்னார்கள். காலையிலிருந்து இரவு வரை இயந்திரத்தின் முன் குனிந்தே இருக்கும் வேலை. தசை உழைக்கும்போது இன்சுலினை எதிர்பார்த்துக் காத்திராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கலாம். ஓடினால் 75 நிமிடமே போதும் என்றார். கடையைப் பூட்டவும் திறக்கவும் இடையில் கிடைக்கும் நேரம் எனக்குக் குறைவு. அதனால் ஓட்டத்தைத் தேர்ந்துகொண்டேன்.

நடந்த காலத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. தித்திவங்சா ஏரியைச் சுற்றி மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கேள்விகள் வந்தன. பஸ்ஸைத் தவறவிட்டாயா என்று ஒருவர். வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா என்று இன்னொருவர். ஒரு கல்யாண வீட்டில், அத்தை முறையான ஒருவர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயதில் இதெல்லாம் யாருக்காக?" என்று கேட்டார். வஞ்சகமில்லாதவர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்தக் கேள்விதான் இந்த வெட்கத்தின் வேர் என்று நினைக்கிறேன். உடம்பு பெருத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது என்று நாம் காரணம் சொல்கிறோம். தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சேலை முழுதும் வியர்வையில் நனைய 272 படிகளும் ஏறுகிறார்கள் நம் பெண்கள். சுற்றிலும் லட்சக்கணக்கான கண்கள். முந்தானை ஒட்டிக்கொள்கிறதே, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதே என்று அங்கே யாரும் கூசுவதில்லை. பள்ளி வாசலில் பிள்ளையின் பின்னால் ஓடுகிற தாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாமிக்காக, பிள்ளைக்காக, வேலைக்காக ஒரு பெண் ஓடலாம். தன் ஒருத்திக்காக, பட்டப்பகலில், அரை மணி நேரம் ஓடினால்தான் அது காட்சியாகிவிடுகிறது. நம்மைக் கூச வைப்பது நம் உடம்பு அல்ல. தனக்கென்று நேரம் எடுத்துக்கொண்டவளாக மற்றவர் கண்ணில் படுவதுதான்.

எந்தக் கண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் முக்காடிட்ட மலாய்ப் பெண்கள் கூட்டமாக ஓடுகிறார்கள். என்னைவிட வயதான சீனப் பெண்கள் கைகளை வீசிக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்ததில்லை. எதிரே வந்தால் தலையசைத்து, மலாயில் காலை வணக்கமாக "பாகி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேள்வியெல்லாம் நம்மவர்களிடமிருந்துதான் வருகிறது, அதிலும் என்னை அறிந்தவர்களிடமிருந்து. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் உளவியல் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகரின் படம் பெரிதாக அச்சிட்ட டி-சட்டையை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டபோது, சட்டை போட்டவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். எனக்கு இது முழு நம்பிக்கையைத் தந்தது. உடையைப் பார்ப்பதே என் தொழில். அப்படியிருந்தும் நேற்று ஏரிக்கரையில் என்னைக் கடந்து ஓடியவர் என்ன நிறத்தில் அணிந்திருந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெட்கத்துக்குப் பயந்து பல பெண்கள் இருட்டைத் தேர்ந்துகொள்கிறார்கள். இது எனக்கு உண்மையான கவலை. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இங்கே காலை ஆறு மணி என்பது நல்ல இருட்டு. சூரியன் தலைகாட்டவே ஏழு ஆகிவிடுகிறது. அந்த இருட்டில், கறுப்பு உடையில், விளக்கில்லாத பின் சாலைகளில், யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே ஓடும் பெண்களை எனக்குத் தெரியும். மோட்டார் ஓட்டி வருபவருக்கும் அவர்கள் தெரியமாட்டார்கள். வேலைக்கு நேரமாகிறது என்பதால் இருட்டில் ஓடுவது வேறு. ஒளிந்துகொள்ள ஓடுவதாக இருந்தால், தயவுசெய்து சனி ஞாயிறுகளில் நன்றாக விடிந்த பிறகு, ஆட்கள் நடமாடும் பூங்காவுக்கு வாருங்கள்.

உடையைப் பற்றி என்னிடம் ரகசியமாகக் கேட்பவர்கள் பலர். அதை இங்கே வெளிப்படையாகவே சொல்கிறேன். பருத்தி நல்ல துணிதான், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓட்டத்துக்கு ஆகாது. வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், எந்த வளைவை மறைக்க நினைத்தோமோ அதையே காட்டும். பந்தாட்ட ஜெர்சிக்கு எடுக்கும் மெல்லிய பாலியஸ்டர் பின்னல் துணியில் நடுத்தொடை வரை வரும் ஒரு குர்தா தைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் திறப்பை வழக்கத்தைவிட ஒரு சாண் மேலே ஏற்றுங்கள். அப்போதுதான் கால் எட்டிப் போகும். கைக்குழியை இறுக்காதீர்கள், அக்குள் உரசிப் புண்ணாகும். தொடை உரசுகிறவர்கள் முழங்காலைத் தாண்டும் இறுக்கமான கால்சட்டையை உள்ளே அணியலாம். சாம்பல் நிறம் வியர்வையைக் காட்டிக்கொடுக்கும், கருநீலம் காட்டாது. ஆனால் கருநீலத்தில் முதுகிலும் கையோரத்திலும் ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்துக்கென்றே வரும் அழுத்தமான மார்பு உள்ளாடை. மார்பு குலுங்குவதும் வலிப்பதும்தான் பல பெண்கள் ஓட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணம். வெளியே சொல்லக் கூசுவதால் சோம்பேறி என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார்கள். காலணிக்கு முன் அதற்குச் செலவழியுங்கள்.

இன்னொன்று, வேகம். யாராவது எதிரே வந்தால் நம்மையறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுவோம். அவர்கள் கடந்து போவதற்குள் மூச்சு முட்டி, முகம் சிவந்து, இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டியதாகிவிடும். மானம் போனதாக நினைப்பது அந்த இடத்தில்தான். ஒரு நிமிடம் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, இப்படியே இருபது நிமிடம் வரை போவது தொடக்கக்காரர்களுக்கென்றே உள்ள முறை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம். கடைசியாக வருவோமோ என்று பயப்படுபவர்களுக்கு, பார்க்ரன் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2004 இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கி, 2018 இல் நம் கோலாலம்பூரின் தாமான் பூடு உலுவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். எல்லாருக்கும் பின்னால் வருவதையே தன் பொறுப்பாக ஏற்றுத் தொண்டர் ஒருவர் வருகிறார். அதனால் கடைசி ஆள் என்ற இடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிடுகிறது. நம் கோயில்களும் மாதர் சங்கங்களும் குடியிருப்புப் பகுதியான ஒரு தாமானிலாவது இப்படி ஒன்றைத் தொடங்கலாமே. சமையல் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் கூட்டத்தைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. 1966 இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் நம் எம். ராஜாமணி. அதே போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் எம். ஜெகதீசன் தங்கம் வென்றார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த வீராங்கனை விருதும் ராஜாமணிக்கே கிடைத்தது. என் தாயின் தலைமுறைப் பெண் ஒருத்தி அரைக்கால் சட்டையோடு ஆசியாவே பார்க்க ஓடியபோது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வானொலியைச் சுற்றி நின்று கைதட்டியவர்கள் நாம். அவர் மகள் வயதில் இருப்பவள் பூங்காவில் ஓடினால் எதற்கு என்று கேட்கிறோம்.

வாசகர்களிடம் நான் கேட்பது சிறியது. ஓடும் பெண்ணைப் பார்த்தால் நலம் விசாரிக்கும் சாக்கில் எதையும் கேட்காதீர்கள். தலையசைத்தால் போதும். என் கணவர் முதல் நாளில் சொன்னது, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போ என்பது மட்டும்தான். அது எனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை அவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் வென்றவர்களின் படங்களைப் போடுகிறீர்கள், போட வேண்டியதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது, ஓட்டத்தை முடித்துவிட்டு நிற்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் படத்தை, அவர் சம்மதத்தோடு, எந்தத் தாமானைச் சேர்ந்தவர், என்ன வேலை செய்கிறார் என்ற விவரத்தோடு வெளியிடுங்கள். சிரித்தபடி நிற்கும் அழகான படமாகத் தேட வேண்டாம். வியர்த்திருக்கிற படமே வேண்டும். முதல் படத்துக்கு நான் வருகிறேன். என்னோடு ஓடும் இரண்டு பேரையும் கேட்டுவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல்காரப் பெண் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.